கழலாத கால்சட்டை

பேருந்து நிலையத்தின் பின்புறச் சந்தில், சாவிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் இடையே ஒரு தையற்கடை இருந்தது. ஒரு வெட்டுமேசை, இரண்டு இயந்திரங்கள், ரசம் போன ஒரு நிலைக்கண்ணாடி. வேறெதற்கும் அங்கு இடமில்லை. கடைக்காரரைச் சந்து முழுவதும் கொக்கி மாஸ்டர் என்றே அழைத்தது. துணி நைந்து போனாலும் அவர் தைத்த கொக்கி பெயராது. இடுப்புக்கு எலாஸ்டிக் கோத்துத் தருவதை அவர் தையலாகவே மதித்ததில்லை. கேட்டு வருபவர்களிடம், "எலாஸ்டிக் வேணும்னா தலையணை உறை தைக்கிறவங்ககிட்டப் போங்க" என்பார்.

அருகிலிருந்த பள்ளியின் பாலர் வகுப்புக்குச் சீருடை தைக்கும் வேலை ஓராண்டு அவரிடம் வந்தது. ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே உடை: வெள்ளைச் சட்டை, நீல அரைக்கால்சட்டை. ஓடியாடும் பிள்ளைகளுக்குக் கால்சட்டை நழுவக் கூடாது என்பது மட்டுமே பள்ளியின் வேண்டுகோள். அதற்கு அவர் தம் முழுத் திறமையையும் செலவிட்டார். முன்னால் ஒரு கொக்கி. அதன் கீழே இறுக்கமான காஜாவில் ஒரு பொத்தான். தோள்மேல் ஏறி, முதுகில் ஒன்றையொன்று கடந்து, பின்னிடுப்பில் பொத்தானிடும் இரண்டு வார்கள்.

"பிள்ளையத் தலைகீழாப் பிடிச்சாலும் டிரவுசர் கழலாது" என்று அவர் சாவிக் கடைக்காரரிடம் காட்டினார்.

"அப்ப பூட்டும் நீங்களே தைச்சுக் குடுத்துடுங்க மாஸ்டர். நான் கடையச் சாத்திடறேன்" என்றார் அவர்.

மாஸ்டரின் மகளும் அவ்வகுப்பில்தான் சேர்ந்தாள். திருமணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த அவளை வீட்டில் வாண்டு என்றழைத்தனர். அவள் பள்ளிக்குப் போய்விடுவாள் என்ற கணக்கில், அவருடைய மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பகல் நேரப் பணியை ஏற்றிருந்தார். சேர்க்கையன்று தலைமையாசிரியை கேட்ட முதற்கேள்வி எழுத்தைப் பற்றியதன்று.

"டயப்பர் இல்லாம இருப்பாளா?"

"அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு மேடம். அவளே போயிட்டு, கையக் கழுவிட்டுதான் நம்மகிட்ட வந்து சொல்லுவா."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க மாஸ்டர்."

தலைமையாசிரியை அவ்வாறு சொன்னதற்குக் காரணம் இருந்தது. அண்மை ஆண்டுகளில், கழிப்பறைக்குப் போகப் பழகாமலே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பெருகியிருந்தனர். பாலர் வகுப்பு ஆயாவின் கையில் எந்நேரமும் வாளி இருந்தது. ஆசிரியை பாட்டுச் சொல்லிக்கொடுத்த நேரத்தைவிட உடை மாற்றிய நேரமே அதிகம். அந்தக் கூட்டத்தில் வாண்டும் சேர்ந்துகொண்டாள். காலையில் கால்சட்டையுடன் போனவள், மாலையில் மாற்றுக் கவுனுடன் வந்தாள். நனைந்த கால்சட்டை பையில் வந்தது. இது நாள்தோறும் நடந்தது.

வாரக் கடைசியில் தலைமையாசிரியை அவரை அழைத்தார். "அடுத்த வாரமும் இப்படியே இருந்தா, ஒரு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க மாஸ்டர். ஒரே ஒரு ஆயாவ வச்சுக்கிட்டு நான் எத்தனை பேரைப் பாக்க முடியும்?"

வீட்டில் மனைவி நேராகவே கேட்டார். "ஏங்க, நான் வேலைய விடணுமா, இல்ல நீங்க கடைய மூடுறீங்களா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிடுங்க." பிறகு மகளிடம் திரும்பினார். "வீட்டுல ஒழுங்காதானடி போற? அங்க என்ன ஆச்சு?"

"அங்கயும் போனேன். போய் நின்னேன்" என்றாள் வாண்டு.

நின்ற பிறகு என்ன நடந்தது என்று எவரும் கேட்கவில்லை.

மறுநாள் விடுமுறை. வாரின் நீளத்தைச் சரிபார்க்க மாஸ்டர் மகளுக்குச் சீருடை அணிவித்து வெட்டுமேசைமேல் நிறுத்தியிருந்தார். வாயில் குண்டூசிகள் இருந்தன.

"அப்பா, ஒண்ணுக்கு."

அவர் அவளை இறக்கிவிட்டுக் கடையின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார். அவள் ஓடினாள். போனவள் திரும்பாததால் அவரும் எழுந்து போனார். கழிப்பறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் இரு கைகளையும் முதுகுப்புறம் வளைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கை எட்டவில்லை. கைகளை முன்னால் கொண்டுவந்து கொக்கியை இழுத்தாள், அது அசையவில்லை. மறுபடியும் கைகள் முதுகுக்குப் போயின. அவர் வாயிலிருந்த ஊசிகளைக் கையில் எடுப்பதற்குள் கால்சட்டை நனைந்துவிட்டது.

அவள் அழவில்லை. "இப்பிடித்தான்" என்றாள்.

ஈரமான காஜாவிலிருந்து பொத்தானைப் பிரிக்க அவருக்கே சற்று நேரம் பிடித்தது. வீட்டில் அவள் கவுன் அணிந்திருப்பாள். கால்சட்டையைப் போட்டுவிடுபவர் அவர், கழற்றுபவர் ஆயா. இடையில் நடப்பதை அதுவரை அவர் பார்த்ததில்லை.

"நம்ம பிள்ளையோடத மட்டும் மாத்தி அனுப்புங்க" என்றார் மனைவி, அன்றிரவு அவர் நடந்ததைச் சொன்னதும். "ஊர்ப் பிள்ளைங்களோடதப் பத்திப் பேசினா, ஆர்டரே போயிடும்."

"அந்த வீடுகள்லயும் இப்ப ஒரு அம்மா ‘வேலைய விடணுமா’ன்னு கேட்டுக்கிட்டிருப்பாங்க" என்றார் மாஸ்டர்.

பள்ளி திறந்ததும் அவர் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். "மேடம், எம் பொண்ணு மேல தப்பில்ல. டிரவுசர் மேலதான்."

"எல்லாப் பிள்ளைங்க டிரவுசரும் நீங்க தைச்சதுதானே?"

"அதுக்குதான் வந்தேன்."

அவர் ஒரு கால்சட்டையை மேசைமேல் வைத்தார். தலைமையாசிரியை கொக்கியைக் கழற்றிப் பார்த்தார், உடனே கழலவில்லை. "எலாஸ்டிக் வைக்கிறதுல உங்களுக்கு ஆட்சேபனை ஒண்ணும் இல்லையே?"

"இருக்கு மேடம். வச்சுத் தர்றேன்."

கால்சட்டைகள் மூட்டையாகக் கடைக்குத் திரும்பின. வார்களைப் பிரித்தெடுப்பது, தைப்பதைவிடக் கடினமாக இருந்தது. அவ்வளவு உறுதியாகத் தைத்திருந்தார்.

சாவிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், தலையணை உறையா?"

"ஆமா. கால் வச்ச தலையணை உறை."

ஆயாவின் வாளிக்கு ஓய்வு கிடைத்துவிடவில்லை. உண்மையிலேயே பழகாத பிள்ளைகள், எலாஸ்டிக் கால்சட்டையையும் நனைத்தனர். எனினும், சில பிள்ளைகள் தாமாகவே போய்விட்டு வந்தனர்.

எலாஸ்டிக் கால்சட்டை போட்டுப் போன முதல் நாள் மாலை, வாண்டு போன உடையிலேயே திரும்பி வந்தாள். அவளுடைய பையிலிருந்து மாஸ்டர் கவுனை வெளியே எடுத்தார். காலையில் அவர் மடித்து வைத்த மடிப்பு அப்படியே இருந்தது. மறுநாளைக்கென்று அதைத் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டு, மனைவியின் சலவைக்கூடச் சீருடையை இஸ்திரி போட எடுத்தார்.