குட்டியானையில் ஏறிய பொலிவிய விமானப் படை

கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்வது என் வேலை. வாரமெல்லாம் இரும்பை அளப்பேன். ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் போர் விமானங்களை ஒட்டுவேன். நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, உள்ளங்கையில் உட்காரும். வீட்டுக்கு யாராவது வந்தால், "அவரு உள்ள ஏரோப்ளேன் ஒட்டிட்டு இருக்காருங்க" என்று என் மனைவி சிரிக்காமல் சொல்வாள். ஒட்டுகிறேனா ஓட்டுகிறேனா என்பதை வந்தவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுவாள்.

பெரிய நாடுகளின் விமானங்களில் எனக்கு ஆசை இல்லை. கல்யாணத்துக்குப் போனால் எல்லோரும் மேடையைத்தான் போட்டோ எடுப்பார்கள். எனக்குப் பந்தியில் கடைசி இலைக்காரரைத்தான் பிடிக்கும். பொலிவியா அப்படி ஒரு நாடு. கடல் கிடையாது, கடற்படை உண்டு. மற்றவர்கள் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்ட ஒரு பழைய பயிற்சி ஜெட்டை, சில வருடங்களுக்கு முன்புவரை போர் விமானம் என்று சொல்லிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே அதைச் செய்ய ஆசைப்பட்டேன்.

சிக்கல் என்னவென்றால், கடையில் வாங்கும் பெட்டிக்குள் அமெரிக்கச் சின்னங்கள்தான் இருக்கும். பொலிவியா வேண்டுமென்றால் அதன் டிகாலைத் தனியாக வாங்க வேண்டும். டிகால் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற மெல்லிய படம். ஊறியதும் காகிதத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வரும், அதை விமானத்தின் மேல் நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். ஐரோப்பாவில் யாரோ ஒருவர் வீட்டில் அச்சடித்து விற்பதை வரவழைத்தேன். நல்லவேளை, வந்த அன்றே ஸ்கேன் எடுத்து வைத்தேன். டிகால் தண்ணீரில் பட்டதும் சுக்குநூறானது. ஒரு நாட்டை அவ்வளவு சீக்கிரம் எந்த எதிரியும் சிதறடித்திருக்க மாட்டான். விற்றவரிடம் கேட்டால் இருப்பு தீர்ந்துவிட்டது என்றார்.

ஸ்கேனை எடுத்துக்கொண்டு கோட்டைமேட்டில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் ஒரு பாயிடம் போனேன். சைக்கிள்களுக்கும் ஹெல்மெட்டுகளுக்கும் தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர் போடுபவர். சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டத்தையும், பக்கத்தில் அந்த விமானப் படையின் பெயர்ச் சுருக்கமான எஃப்.ஏ.பி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் பார்த்தார்.

"இது எந்தக் கட்சிங்க சார்?"

"கட்சி இல்லைங்க பாய், ஒரு நாடு."

"நாடா? சரிங்க. மை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

வட்டம் எட்டு மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்றிரண்டு தாள் அடிக்கக் கட்டுப்படியாகாது என்றதால் ஒரு கட்டுக்குச் சம்மதித்தேன். வாங்கப் போன அன்று கட்டைப் பிரித்தால், ஒவ்வொரு வட்டமும் டீ கிளாஸ் வாயைவிடப் பெரிது.

"என்னங்க பாய் இது, எட்டு மில்லிமீட்டர் சொன்னேனே?"

"சொன்னீங்க சார். அது கண்ணுக்கா தெரியும்? கை தவறி எழுதிட்டீங்கன்னு எட்டு சென்டிமீட்டராத் திருத்திப் போட்டுட்டேன். பாருங்க, ரோட்டுக்கு அந்தாண்ட இருந்தே தெரியுது!"

மயிரிழை கூடினாலே பம்ப் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன் நான். கைப்பேசியில் என் விமானங்களைக் காட்டினேன். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தினியூண்டு பிளேனா? இதுல யாரு சார் ஏறுவாங்க?" சின்னதாக மறுபடி அடித்துத் தருகிறேன் என்றார். பெரிய கட்டையும் என் கையில் திணித்துவிட்டார்.

அடுத்த வாரம் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன சரக்கு வண்டியில் முருங்கைக்காய் ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். வண்டியில் ஸ்டிக்கர் இல்லாத இடம் தெரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பாய் கொடுத்த பெரிய கட்டு கண்ணில் பட்டதும் எடுத்துப் பிரித்தார்.

"ஏனுங் மாப்ள, இது சும்மாதான் கெடக்குதுங்களா?"

"பொலிவியா விமானப் படைங்க மச்சான்."

"நம்ம நாட்டுது இல்லீங்களே?"

"இல்லைங்க."

"அப்பச் செரி. நம்முளுதுன்னா போலீஸ்காரன் நிறுத்திக் கேள்வி கேப்பான்."

கட்டோடு கொண்டுபோய்விட்டார்.

சில வாரம் கழித்து ஒரு கிடா விருந்துக்கு மச்சான் ஊருக்குப் போனேன். ஊர் எல்லையில் ஒரு தண்ணீர் லாரி எதிரே வந்தது. கதவில் பொலிவியா. பிறகு டிராக்டரில், ஆட்டோவில், பால்காரர் வண்டியில், பங்காளிகளின் பைக்குகளில் எல்லாம் பொலிவியா. அந்த நாட்டு விமானப் படையிடம்கூட அத்தனை வண்டிகள் இருந்திருக்குமா என்பது சந்தேகம். "அழகா இருக்குதுன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க, குடுத்துப்போட்டேன்" என்றார் மச்சான்.

அது உள்ளாட்சித் தேர்தல் நேரம். பந்தலில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்ற ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்து மச்சானுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, ஊருக்குள்ள புதுசாக் கட்சி கெளம்பியிருக்குது, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே? எஃப்.ஏ.பி.ன்னா என்னங்க?"

உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். மச்சான் என் தொடையை அழுத்தினார்.

"ஃபார்மர்ஸ் அண்ட் பிரதர்ஸுங்க."

"எத்தன பேருங்க இருக்கறீங்க?"

"வண்டிய எண்ணிப் பாத்துக்கோங்க. ஊட்டுக்கு நாலு ஓட்டு வெச்சுக்கோங்க."

"தலைவர் யாருங்க?"

மச்சான் என்னைக் கை காட்டினார். "மாப்ளதானுங்க. கோயமுத்தூர்ல இருந்து இதுக்குன்னே வந்திருக்கறாரு."

அதற்குள் ஒரு நல்லி எலும்பை வாயில் வைத்திருந்தேன். உறிஞ்சுவதா, எடுப்பதா என்று தெரியவில்லை. மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டினேன். வேட்பாளர் எழுந்தார், மூவரும் என்னைக் கும்பிட்டார்கள். என்னை ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"தலைவர் பேச மாட்டாருங்களா?"

"பேசுனாத் தாங்க மாட்டீங்க" என்றார் மச்சான். "கொள்கையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல அந்த முக்குல இருக்கற குழிய மூடுங்க. வண்டி எறங்கி ஏறுறதுக்குள்ள முருங்கைக்காய் பாதி ஒடிஞ்சு போகுது."

இரண்டே நாளில் குழி மூடப்பட்டது. சேதி எதிர்த்து நின்றவருக்குப் போனது. அவரும் மச்சானைத் தேடி வந்தார், அவரும் எஃப்.ஏ.பி. ஆதரவு கேட்டார். மச்சான் அவரிடமும் அதே குழியைச் சொன்னார். மூடிய குழி என்று தெரியாமலோ தெரிந்தோ, அவரும் ஒரு லோடு ஜல்லியைக் கொட்டி இறுக்கிவிட்டுப் போனார். இப்போது அந்த முக்கில் குழி இல்லை, ஒரு மேடு இருக்கிறது. முருங்கைக்காய் முன்பு இறங்கும்போது ஒடிந்தது, இப்போது ஏறும்போது ஒடிகிறது. தேர்தலில் இருவரில் ஒருவர் ஜெயித்தார். எங்கள் ஆதரவால்தான் என்று இன்றுவரை நம்புகிறாராம்.

இதற்கிடையே பாய் சின்ன டிகால்களை அடித்துக் கொடுத்தார். அவை தண்ணீரில் சிதறவில்லை. விமானத்தை முடித்து, படம் எடுத்து, உலகம் முழுவதும் மாடல் செய்பவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் போட்டேன். கூடவே ஒரு வேடிக்கைக்காக மச்சானின் குட்டியானையையும் போட்டேன். விமானத்தைப் பற்றி ஒரே ஒருவர்தான் பேசினார், மஞ்சள் கொஞ்சம் வெளுப்பு என்று. மற்ற எல்லோரும் குட்டியானையைச் சுற்றிக்கொண்டார்கள். பொலிவியாவிலிருந்தே ஒரு பல் மருத்துவர், மொழிபெயர்ப்புச் செயலியின் தயவில், வண்டியின் நீள அகலம் கேட்டு எழுதினார்.

மச்சானிடம் அளக்கச் சொன்னேன். "வெலைக்குக் கேக்கறாருங்களா?" என்றார். இல்லை, பொம்மை செய்வதற்கு என்றதும், "உங்களாட்டம் அங்கயும் ஒருத்தரு இருக்கறாருங்களா!" என்று டேப்பை எடுத்தார்.

கொஞ்ச நாளில் பல் மருத்துவரிடமிருந்து படம் வந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குட்டியானை. கதவில் பொலிவிய வட்டம், பின்னால் மெல்லிய கம்பியில் செய்து பச்சை அடித்த முருங்கைக்காய்க் கட்டு. அதை மச்சானுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"எல்லாம் செரிங்க மாப்ள. முன்னால எலுமிச்சம்பழம் மொளகா கட்டலீங்களே. அது கட்டாம வண்டிய எடுக்க வேண்டாம்னு அவருகிட்டச் சொல்லிப்போடுங்க."

அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன். மறுநாள் காலை பல் மருத்துவரிடமிருந்து பதில் வந்திருந்தது. எலுமிச்சையின் விட்டம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்.