அழுகைக்கு மழை தராதவர்

செய்தி வந்தபோது பந்தல்குடியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, யூனிட் மொத்தமும் தூத்துக்குடி ரோட்டோரம் ஒரு டீக்கடையின் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தோம். சௌடேஸ்வரி மேடத்தின் தம்பி மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "அண்ணாச்சி, அக்கா போயிட்டாக" என்றார். அத்தோடு போனை வைத்துவிட்டார்.

இந்தக் காட்சியை எழுதி மேடத்திடம் கொடுத்திருந்தால், முதல் வேலையாகப் பேனாவை எடுத்து மழையை அடித்திருப்பார். சாவுச் செய்திக்கு மழையா? எங்கள் கம்பெனியில் அதற்கு இடமே கிடையாது. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அவர் எழுதித் தயாரித்த தொலைக்காட்சித் தொடர்கள் எல்லாவற்றுக்கும் நான்தான் தயாரிப்பு மேனேஜர். அவர் அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். நான் அதே ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். அவருக்கு வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். சண்டை என்று வந்தால் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். பாதித் திட்டு எனக்குப் புரியாததால்தான் இத்தனை வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டினோம் என்று யூனிட்டில் சொல்வார்கள். அது பொய்யில்லை.

சினிமாப் பள்ளி எதிலும் அவர் படித்தவர் அல்ல. அருப்புக்கோட்டை நூல் மில் ஒன்றில் டைம்கீப்பராக இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்வாராம், எல்லாம் அவரே கட்டிய கதை. கதையில் மருமகள் கதவைத் திறக்கப் போகும் சமயம் பார்த்து மில் சங்கு ஊதிவிடும். "ஏட்டி, உள்ள யாரு இருந்தான்னு மட்டும் சொல்லிட்டுப் போயேன்" என்று கெஞ்சினாலும் வாயைத் திறக்க மாட்டார். மறுநாள் லீவு போட நினைத்தவள்கூடக் கதைக்காக வேலைக்கு வந்துவிடுவாள். "தொடரும்னு போடுறத எனக்குச் சொல்லிக் குடுத்தது அந்தச் சங்குதான் அண்ணாச்சி" என்பார்.

சென்னையில் முதல் தொடருக்கு ஒப்பந்தம் போடும்போது, பெயர் பழசாக இருக்கிறது, டைட்டிலில் ஸ்வேதா என்று போட்டுக்கொள்ளலாமா என்று சேனலில் கேட்டார்கள். நான் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது எங்க குலசாமி பேரு தம்பி. ஒங்க சேனல் வாறதுக்கு முந்தியே ஒளிபரப்புல இருக்கு." டைட்டிலில் சௌடேஸ்வரி என்றே வந்தது. அன்று எங்கள் ஊர் நெசவுத் தெருவில் வெடி போட்டார்கள்.

இனி மழை விஷயத்துக்கு வருகிறேன். 'வானம் பார்த்த வீடு' தொடரைப் பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எடுத்துக்கொண்டிருந்தோம். கதாநாயகியை அண்ணன்மார் வீட்டைவிட்டு வெளியேற்றும் கட்டம். சேனலில் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்த இளைஞர் சென்னையிலிருந்து நேரில் வந்துவிட்டார். நல்ல பையன்தான். ஆனால் பிடிவாதம்.

"சோகம்னா மழை வேணும் மேடம். அவ நனைஞ்சுக்கிட்டே நடக்கணும். அப்பத்தான் ஜனங்க அழுவாங்க" என்றார்.

"எங்க ஊர்ல மழை பெய்ஞ்சா யாரும் அழ மாட்டாக தம்பி" என்றார் மேடம். "அழுதுக்கிட்டு இருக்கவளும் கண்ணத் தொடச்சிட்டு வெதைக்கப் போயிருவா."

பையன் விடவில்லை. மழை இல்லையென்றால் தொடரை ராத்திரியிலிருந்து மத்தியானத்துக்கு மாற்றிவிடுவோம் என்றார். மத்தியானம் என்றால் எங்களுக்குத் தெரியும், அங்கே போன தொடர் வெகுநாள் நிற்காது. லைட்மேன், மேக்கப், சமையல் என்று எத்தனை குடும்பம் அந்தத் தொடரை நம்பி இருந்தது. நானும் மேடத்திடம் சண்டை போட்டேன். "ஒரு நாள் மழை பெய்ஞ்சா என்ன குறைஞ்சுபோகும்?" என்றேன். கன்னடத்தில் பதில் வந்தது.

அவர் சம்மதிக்குமுன்பே சேனல் தம்பி அருப்புக்கோட்டையிலிருந்து டேங்கர் லாரியை வரவழைத்துவிட்டார். அங்கேதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. லாரி ஊருக்குள் நுழைந்து ஹாரன் அடித்ததும், தெருவில் இருந்த பெண்களெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பஞ்சாயத்துத் தண்ணீர் வண்டி என்று நினைத்துவிட்டார்கள். நாங்கள் கேமராவைத் திருப்புவதற்குள் பச்சை, மஞ்சள், ஊதா என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றுவிட்டன. வரிசையில் யார் முன்னால் என்று இரண்டு பேருக்குள் சண்டையும் ஆரம்பித்தது.

"அம்மா, இது ஷூட்டிங் தண்ணி. மழைக்கு வச்சிருக்கோம்" என்று சேனல் தம்பி கையெடுத்துக் கும்பிட்டார்.

முதல் குடத்தோடு நின்றவர் பேச்சியம்மாள். "சூட்டிங் தண்ணின்னா குடிக்க ஆகாதோ?" என்று கேட்டார்.

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தார். நடந்து போய்ப் பேச்சியம்மாளின் குடத்தை வாங்கிக் குழாய்க்குக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, வால்வத் திறங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நான் சேனல் தம்பியைப் பார்த்தேன், மேடத்தைப் பார்த்தேன். வாங்குகிற சம்பளத்துக்குப் பயப்படுவதா, ஊருக்குப் பயப்படுவதா? வால்வைத் திறந்துவிட்டேன்.

தண்ணீர் பிடித்து முடியும்முன்பே "கேமரா வைங்க" என்றார். உச்சி வெயில். கதாநாயகி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவழியே நடந்து வரவேண்டும். இருபுறமும் நிறைகுடத்தோடு பெண்கள். அவர்களுக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. அந்தப் பெண் பாதித் தூரம் வந்தபோது, பேச்சியம்மாள் தானாகவே முன்னால் வந்து குடத்தைச் சாய்த்தார். "இந்த வெயில்ல எங்க தாயி போற? ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போ" என்றார். நடிகை குனிந்து கையேந்திக் குடித்தாள், குடிக்கும்போதே உடைந்து அழுதாள். அது நடிப்பு இல்லை. கேமராமேனும் கண்ணைத் துடைத்தார். மேடம் 'கட்' சொல்ல மறந்து நின்றார்.

திரும்ப எடுக்க நேரம் இல்லாததால் எடுத்தது அப்படியே ஒளிபரப்பானது. அடுத்த நாள் நான் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் அந்தக் காட்சியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். "நம்ம ஊருத் தெருவ அப்படியே காட்டிட்டாகளே" என்றாள் ஒருத்தி. "நம்மாளுல்ல எழுதுறது" என்றாள் மற்றவள். எனக்கு எழுந்து நின்று, நான்தான் வால்வைத் திறந்தவன் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. தொடர் ராத்திரி நேரத்திலேயே தொடர்ந்து ஓடியது. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் எங்கள் வெயிலைத் தேடி வந்தன.

மழையே கூடாது என்பவர் அல்ல அவர். அதே தொடரின் கடைசிக் காட்சிக்கு மழை எழுதியிருந்தார். கதாநாயகி தன் சொந்தப் புஞ்சையில் நின்று நனைந்து சிரிக்க வேண்டும். ஆனால் நிஜ மழையாக இருக்க வேண்டும் என்று அடம். ஐப்பசியில் திருச்சுழி லாட்ஜில் யூனிட்டைப் போட்டுக் காத்திருந்தோம். பந்தல்குடியில் பெய்தது, அருப்புக்கோட்டையில் பெய்தது, எங்கள் கேமரா நின்ற புஞ்சைக் காட்டில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. கடைசியில் அந்தப் பெண் வானத்தைப் பார்த்து நிற்பதோடு முடித்தார். "வராத மழைய வந்ததாக் காட்டுனா எங்க ஊர்க்காரன் சேனல மாத்திருவான்" என்றார். அவருக்கு மனசு ஆறவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த மழைதான் அருப்புக்கோட்டையில் அவர் உடலை எடுத்த அன்று வந்தது. சென்னையிலிருந்து நடிகர், நடிகைகள் வந்திருந்தார்கள். இன்று பெரிய பதவியில் இருக்கும் அந்தச் சேனல் தம்பியும் வந்து என் பக்கத்தில் நின்றார். "மேடத்துக்கிட்ட தோத்தத நான் இப்பவும் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்றேன் சார்" என்றார். பரளச்சிப் பக்கமிருந்து ஒரு லோடு ஆட்டோ நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். பேச்சியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பாடை தெரு முனையைத் தாண்டும்வரை கூடவே வந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சாவு வீட்டு வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் வண்டியில் ஏறிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"அதுக்குள்ள ஏறிட்டீங்களே?" என்று கேட்டுவிட்டேன்.

"மழை வெறிச்சு நின்னதும் டிராக்டர்க்காரன் வந்துருவான் அண்ணாச்சி. ஈரம் காயுமுன்ன உளுந்தப் போடணும்ல" என்றார். "அவுக இருந்திருந்தா எங்கள இந்நேரம் வெரட்டியே விட்டிருப்பாக."

மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான்: பந்தல்குடியில் பாதியில் நிற்கும் தொடரை அவர் எழுதியபடியே முடிப்பேன். நான் இருக்கும்வரை எங்கள் கம்பெனி எடுக்கும் எந்த அழுகைக்கும் மழை கிடையாது. யார் டேங்கர் அனுப்பினாலும் வால்வை எங்கே திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

லோடு ஆட்டோ பரளச்சி ரோட்டில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் சொன்னது சரிதான், எங்கள் ஊரில் மழை பெய்தால் யாரும் நின்று அழுவதில்லை. நெஞ்சு நிறையப் பெருமையாக இருந்தது. ஆனால் நான் கடைக்காரன் வீட்டுப் பிள்ளை. விதைக்க எனக்கு நிலம் இல்லை. அதனால் அந்த மழையிலேயே நின்று அழுதேன். மேடம், இந்த ஒரு காட்சியை மட்டும் அடிக்காமல் விட்டுவிடுங்கள்.