அற்புதராஜின் பாஸ்வேர்டு

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் நானே ஒரு பொய் மின்னஞ்சலைத் தயாரித்து எல்லோருக்கும் அனுப்பினேன். என் உத்தியோகமே அதுதான், யார் ஏமாறுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதில் கேட்ட இடத்தில் தன் பாஸ்வேர்டை அடித்துவிட்டாள். கூப்பிட்டு விளக்கினேன். கண் கலங்கி, “கரெக்டாதானே மேடம் அடிச்சேன்?” என்றாள். ஏறக்குறைய இதே வார்த்தைகளை அற்புதராஜ் அண்ணன் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆவடியில் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கினால் கண்ணை மூடிக்கொண்டே நடந்துவிடலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வாசனை. பெயின்டைத் தாண்டி, கடைசல் எண்ணெயைத் தாண்டி, ரப்பர் வேகும் நாற்றம் வந்தால் அதுதான் எங்கள் கேட். என் துப்பட்டாவை அம்மா மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில்தான் ஊறப்போடுவாள். அந்த அம்மாதான் தெருவெல்லாம் மகள் ‘நெட்வொர்க் எஞ்சினியர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் நான் பாதி நாள் மேசைகளுக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். ஏழு கம்ப்யூட்டர்களையும் ஒரே கறுப்புக் கேபிள் கோத்திருந்தது. எங்கேயாவது ஓர் இணைப்பு தளர்ந்தால் ஏழும் ஒன்றாகப் படுத்துவிடும்.

சொல்லித்தர யாரும் இல்லை. நெட்வொர்க்கோடு வந்த சிவப்பு அட்டைக் கையேடுகள் அலமாரியில் வரிசையாக இருந்தன. சாப்பாட்டு வேளையில் ஒரு கையில் புளிசாதமும் மறு கையில் கையேடுமாக உட்கார்ந்திருப்பேன். போதாததற்கு, சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடைத்தது. பூட்டிய கம்ப்யூட்டருக்குள் அடுத்தவர் எப்படி நுழைகிறார், அதை எப்படித் தடுப்பது என்பதைப் பற்றிய புத்தகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், தடுப்பது பற்றிய பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டேன். நுழைவது பற்றிய பக்கங்கள்தான் ருசித்தன.

அதில் ஒரு வித்தை இருந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் திரையைப் போலவே ஒரு போலித் திரை செய்ய வேண்டும். வந்து உட்காருபவர் அடித்ததும் அதை ரகசியமாக எழுதி வைத்துக்கொண்டு, ‘தவறு, மறுபடி அடிக்கவும்’ என்று சொல்லிவிட்டு உண்மையான திரைக்கு வழி விட வேண்டும். இருபது வரி நிரல். எழுதி முடித்தபின் யாரிடமாவது சோதித்துப் பார்க்காமல் கை சும்மா இருக்குமா?

ஸ்டோர்ஸ் கிளார்க் அற்புதராஜ் அண்ணன்தான் அகப்பட்டார். நாற்பதை நெருங்கும் வயது. நசரத்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தையும் தேடி அடிப்பார், அடிக்கும்போது உதடும் அசையும். அவர் வெளியே போயிருந்தபோது என் போலித் திரையை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வந்தேன். திரும்பி வந்தவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“இன்னாமா இது, கரீட்டாதான் அட்ச்சேன், தப்புன்னுது?”

“இன்னொரு வாட்டி அடிங்கண்ணே,” என்றேன்.

“ஆங், இப்போ தொறந்துக்கிச்சு.”

மறுநாள் எடுத்துப் பார்த்தால் ‘பியூலா’ என்றிருந்தது. அவர் மகளின் பெயர். உலகத்தின் சாவியே கைக்கு வந்துவிட்டது போல் எனக்குப் பெருமிதம். கிடைத்தது ஸ்டோர்ஸ் சாவிதான் என்பது வேறு விஷயம்.

அதோடு விட்டிருக்கலாம். யார் எந்தக் கோப்பைப் பார்க்கலாம் என்று வகுக்கும் பாடத்தைக் கையேட்டில் அப்போதுதான் படித்திருந்தேன். அவர் பெயரில் நுழைந்தால் எதுவரை தெரியும் என்று பார்க்க ஆசை. ஒரு நாள் காலை, அவர் வெளியே லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரம், என் இடத்திலிருந்தே அவராக உள்ளே போனேன். யாரோ செய்த கவனக்குறைவால் மேனேஜரின் கோப்புகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஒன்றில் ஒரு பட்டியல். பொங்கலுக்குப் பிறகு வேலையைவிட்டு அனுப்பப்போகிறவர்களின் பெயர்கள். அதில் அற்புதராஜும் இருந்தார்.

இதை அவரிடம் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். நம்புங்கள், அந்த நிமிடம் என் மனத்தில் வேறு எதுவும் இல்லை. அச்சடிக்கச் சொல்லிப் பொத்தானைத் தட்டினேன். என் பக்கத்தில் இருந்த பிரிண்டர் அசையவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், மேனேஜர் அறையில் இருந்த பிரிண்டர் கிரீச்சிடத் தொடங்கியது.

ஸ்டோர்ஸ் பெயரில் அடிப்பது அங்கேதான் போகும். போகிற எந்தத் தாளுக்கும் முன்னால், அனுப்பியவர் பெயரைப் பெரிய எழுத்தில் தாங்கி ஒரு பக்கம் வரும். இதெல்லாம் கையேட்டின் நான்காவது புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. நான் அப்போது இரண்டாவதில் இருந்தேன்.

அரை மணி நேரத்தில் அண்ணனைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் பற்றிக் கேட்க என்னையும் கூப்பிட்டார்கள்.

“நான் கேட்டாண்ட சரக்கு எறக்கிகினு இருந்தேன் சார்,” என்றார். சட்டையெல்லாம் தூசி.

“உன் பாஸ்வேர்டு வேற யாருக்குய்யா தெரியும்?”

“யாருக்கும் தெரியாது சார். நான் யாராண்டயும் சொன்னதில்ல.”

மேனேஜர் பட்டியலில் அவர் பெயரைத் தட்டிக் காட்டினார். அந்தப் பெயர் அதில் இருந்ததே அவர் எடுத்துப் பார்த்ததற்குச் சாட்சி ஆகிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நீதான் எந்நேரமும் படிக்கிறியே. ஒருத்தர் பாஸ்வேர்டு அவர் சொல்லாமலே இன்னொருத்தருக்குத் தெரிய வழி இருக்கா?”

அண்ணன் என்னையே நம்பிக்கையோடு பார்த்தார்.

“புக்ல அப்படி ஒண்ணும் போடல சார்,” என்றேன்.

அன்று மதியமே அவரை அனுப்பிவிட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு போனவர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழாவது கிடைத்தது. இவருக்கு அதுவும் இல்லை. போகும்போது என் மேசையருகே நின்றார். “நீ படிச்ச பொண்ணு. அந்த மிஷினு ஏன் எம்பேர போட்ச்சின்னு கண்டுபுட்ச்சி சொல்லும்மா. ஊட்ல கேப்பாங்க,” என்றார். நான் தலையாட்டினேன்.

மூன்று மாதம் சோறு இறங்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். சாமியாருக்குக் கம்ப்யூட்டர் புரியவில்லை, பொய் புரிந்தது. “என்னிடம் சொன்னால் போதாது,” என்றார். ஒரு சனிக்கிழமை பூந்தமல்லி போய், பஸ் மாறி, நசரத்பேட்டையில் விசாரித்துக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையை ஒட்டி ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். மூன்றாவது அவருடையது. சிமென்ட் கடையில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போய்வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். போலித் திரை, பிரிண்டர், நான் சொன்ன பொய்.

“அப்போ மிஷினு பொய் சொல்லல,” என்றார். பிறகு, “ஆபீஸ்ல சொல்ட்டியா?”

“இன்னும் இல்லண்ணே.”

உள்ளேயிருந்து அவர் மனைவி தம்ளரோடு வந்தார். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். “இப்ப வேணாம். அங்க சொல்ட்டு வா. அப்பால குடிக்கலாம்.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னேன். என்னையும் அனுப்பிவிடுவார் என்று டிபன் பாக்ஸைக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் நிரலைக் காட்டச் சொன்னார், பார்த்துச் சிரித்தார். “முடிஞ்ச விஷயத்தைக் கிளறாத. எங்கெங்க ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சவ நீதான், எல்லாத்தையும் அடை,” என்றார். அண்ணனுக்கு ஒரு சான்றிதழாவது கொடுங்கள் என்று கேட்டேன். “அது இனிமே நடக்காது,” என்றார். அடுத்த மாதமே நெட்வொர்க் பாதுகாப்பு முழுவதும் என் பொறுப்பு. இன்று நான் சாப்பிடும் சோற்றுக்கு அதுதான் முதல் படி.

வெறுங்கையோடு போய் அவர் வாசலில் நிற்க எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த மாதம், அடுத்த பண்டிகை என்று தள்ளித் தள்ளி வருஷங்கள் ஓடிவிட்டன.

கடைசியில் ஒருமுறை போனேன். சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். ஆறு வீடுகள் இருந்த இடத்தில் லாரிகள் விரைந்துகொண்டிருந்தன. எதிரே கடை வைத்திருந்தவர், “அந்த லைன் ஊடுங்கள எல்லாம் எடுத்துட்டாங்கமா. எங்க போனாங்களோ, யாருக்குத் தெரியும்?” என்றார். எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியும் இல்லை, அங்கே கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. பட்டரவாக்கத்தில் இறங்கினால் இப்போது எந்த வாசனையும் வருவதில்லை.

பெயர் ஒன்று கிடைத்தால் போதும், எப்பேர்ப்பட்டவரையும் இணையத்தில் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவேன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். அவர் பெயரையும் அவர் மகள் பெயரையும் எத்தனையோ விதமாக அடித்துப் பார்த்துவிட்டேன். எங்கும் இல்லை. அன்றைக்குப் பிறகு அவர் எந்தக் கம்ப்யூட்டரிடமும் தன் பெயரைக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.