பின் சீட்டு பெல்ட்

சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார் பதினைந்து வருஷம் வரைக்கும் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை. அதன் பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய் எஃப்.சி. காட்ட வேண்டும். ஓடத் தகுதியான வண்டிதான் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொல்லிவிட்டால் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம். இல்லையென்றால் காயலான் கடைதான். இந்த வருஷம் என் வண்டிக்கு அந்த முறை வந்தது.

விற்றுத் தொலையுங்கள் என்று மகன் போனில் சொன்னான். நான் கேட்கவில்லை. அப்பாவுக்கு வண்டி மேல் பாசம் என்று அவன் நினைத்துக்கொண்டான். பாசமாவது மண்ணாவது. அந்தச் சான்றை என் மனைவியிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அவள் இந்தக் காரில் ஏறி ஆறு வருஷம் ஆகிறது. திருச்சியில் மகள் வீட்டுக்குப் போவதென்றாலும் கூட்ட பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போவாள். வண்டி நல்ல வண்டி என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டால் அவளை எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு முத்திரை குத்திய காகிதத்தின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது.

அவள் ஏறாமல் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வரதராசன்பேட்டையில் அண்ணன் பேரன் கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. விருந்து முடிந்து அரியலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் அண்ணன். அண்ணன் இருந்தால் அவள் பின்னால்தான் உட்காருவாள், எங்கள் வீட்டில் அது எழுதாத சட்டம். பட்டப்பகல். முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரி, பெயிண்ட் அடிக்காத ஒரு வேகத்தடையில் சட்டென்று நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன், பத்தவில்லை. போலீசுக்குப் பயந்து பெல்ட் போட்டிருந்த எங்கள் இருவருக்கும் ஒரு வாரம் நெஞ்சு வலித்ததோடு சரி. பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவள் என் சீட்டின் தலைக்கம்பியில் முகம் மோதி இடது தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. பிளேட் வைத்தார்கள். கீழுதட்டில் ஒரு பக்கம் இன்றைக்கும் மரத்துத்தான் இருக்கிறது. ஞாயிறு பூசையில் பாட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். இப்போது கோயிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் ஒன்றையே சொன்னேன். "நல்லா தூங்கிட்டா. மேல கைப்புடி இருக்குல்ல, அதப் புடிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது." கட்டிலில் கட்டுப் போட்ட முகத்தோடு அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கட்டு அவிழ்த்த பிறகும் சொன்னேன். போன கிறிஸ்துமசுக்கு வந்த சம்பந்தியிடம்கூடச் சொன்னேன்.

எஃப்.சி.க்கு ஒரு மாதம் முன்பே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அரியலூர்ச் சாலைகளில் பதினைந்து வருஷம் ஓடிய வண்டிக்கு மேலே எவ்வளவு பெயிண்ட் இருந்தாலும் அடியில் ஒன்றும் இருக்காது. கல் லாரியும் சிமெண்ட் லாரியும் வாரி இறைத்த தூசி மழைத் தண்ணீரோடு சேர்ந்து அப்பி, துரு தின்றுவிட்டிருந்தது. மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினான், உள்ளே போய்விட்டது. வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தோம். மஞ்சள் பூத்த ஹெட்லைட்டைத் தேய்த்து வெளுக்க வைத்தோம். கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளை உரித்தோம். நான் ஆசை ஆசையாக மாட்டிய முன்பக்கக் கம்பியைக் கழற்றி எறிந்தோம். அது இருந்தாலே ஃபெயில் என்றான். புது டயர், புது வைப்பர், புகைச் சான்று எல்லாம் ஆயிற்று. கல்யாணப் பெண்ணை அலங்காரம் பண்ணுவது மாதிரி பண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கும் பெண்ணிடம் அதில் பாதிக் கரிசனம் காட்டியதில்லை.

கடைசியாக மெக்கானிக் பின் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டான்.

"சார், பின்னாடி பெல்ட்டு லாக்கு எங்க சார்?"

"என்ன லாக்கு?"

"பெல்ட்டு ரெண்டு பக்கமும் தொங்குது. அது போய் மாட்டுற லாக்கக் காணோமே. பிரேக் இன்ஸ்பெக்டர் இழுத்து மாட்டிப் பாப்பாருங்க."

பதினைந்து வருஷமாக அந்த பெல்ட்டுகள் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எதில் மாட்டுவது என்று ஒரு நாளும் தேடியதில்லை. அவன் சீட்டை அங்குமிங்கும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கு சார். ரெக்சினுக்கு அடியில கட்டி மாதிரி தட்டுப்படுது. சீட் கவர் தெச்ச கடையிலயே காட்டிப் பிரிச்சுட்டு வந்துடுங்க" என்றான்.

சீட் கவர் தைத்தது பெரம்பலூரில். வண்டி எடுத்த அன்றைக்கே ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரைத் தீர்த்தம் தெளிக்க வைத்து மந்திரித்துவிட்டு, மறுநாள் பெரம்பலூர் குஷன் கடையில் விட்டேன். கம்பெனி கொடுத்த துணி சீட்டோடு கார் ஓட்டுவது எங்கள் பக்கத்தில் மானக்கேடு. மெரூன் ரெக்சின், வெள்ளை பார்டர். கடைக்காரர் லப்பைக்குடிக்காட்டு பாய்.

பெரம்பலூர் போகிற வழி முழுவதும் எனக்கு உடம்பு எரிந்தது. அந்த லாக்கு வெளியில் இருந்திருந்தால், அதில் பெல்ட் மாட்டியிருந்தால், அவள் தாடை உடைந்திருக்காது. யாரோ ஒரு பாய் சோம்பேறித்தனத்துக்கு ரெக்சினை மேலே போட்டு மூடியிருக்கிறார், என் வீட்டில் பாட்டு நின்றுபோயிற்று. கடையில் இறங்கிய வேகத்தில் எகிறினேன். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள்.

பாய்க்கு வயதாகிவிட்டிருந்தது. "கோவப்படாதீங்க சார், பாக்குறேன்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின் சீட்டில் முழங்காலை வைத்து ஏறினார். விரலால் தடவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்க சார். இந்த எடத்துல தனியா ஒட்டுப் போட்ருக்கு, தெரியுதா? நூலே வேற. மொதல்ல லாக்கு வெளிய வர்றதுக்கு ஓட்ட போட்டுத்தான் தெச்சிருக்கேன். அதுக்கப்புறம் மூடியிருக்கேன். நானா மூடணும்னா எதுக்கு சார் ஓட்ட போடப் போறேன்? வண்டிக்காரங்க சொல்லாம நான் மூட மாட்டேன்."

அந்த ஒட்டைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. வண்டியை எடுக்க வந்த அன்று பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், தொடையில் ஏதோ குத்தியது. மெரூன் ரெக்சினுக்கு நடுவே கறுப்பாக மூன்று கட்டைகள் துருத்திக்கொண்டிருந்தன. சோபா மாதிரி வழுவழு என்று இருக்க வேண்டிய சீட்டு அசிங்கமாகத் தெரிந்தது. "இத உள்ள தள்ளி தெச்சுடுங்க பாய், பின்னாடி எவன் பெல்ட்டு போடப் போறான்" என்று நான்தான் சொன்னேன். அரை மணி நேரம் நின்று தைத்து வாங்கிக்கொண்டு போனேன்.

பாயிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. அவர் பிளேடால் ஒட்டைக் கிழித்து மூன்று லாக்கையும் வெளியே எடுத்தார். வண்டியில் எல்லாம் பழசாகிப் போயிருந்தது, அவை மட்டும் கடையில் வாங்கியது மாதிரி பளபளவென்று இருந்தன. பெல்ட்டை இழுத்து மாட்டிக் காட்டினார். டக்கென்று மாட்டிக்கொண்டது.

மறுநாள் எஃப்.சி. பிரேக் இன்ஸ்பெக்டர் ஹாரன் அடிக்கச் சொன்னார், லைட் போடச் சொன்னார், பின் கதவைத் திறந்து பெல்ட்டை ஒரு தரம் மாட்டிக் கழற்றிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். பாஸ். வீட்டுக்கு வருகிற வழியில், அவளிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எஃப்.சி. ஆயிடுச்சு. அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல."

"நல்லதுங்க."

"பின்னாடி பெல்ட்டெல்லாம்கூட சரி பண்ணியாச்சு. வந்து பாரேன்."

வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். அவளே பின் கதவைத் திறந்தாள். உட்காரவில்லை. குனிந்து, கிழித்த ரெக்சினுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த லாக்கை ஒரு விரலால் தொட்டாள்.

"புதுசா வாங்கிப் போட்டீங்களா?"

"இல்ல, வண்டியோட வந்ததுதான். உள்ள வச்சு தெச்சிருக்கான்."

"யாரு தெச்சது?"

"அந்தக் குஷன் கடைக்காரன்தான். இன்னிக்கு வரைக்கும் நமக்குத் தெரியாமப் போச்சு பாரு." அவ்வளவும் ஆன பிறகும் என் வாயில் அதுதான் வந்தது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கீழுதடு ஒரு பக்கம் அசையாததால் அவள் கோபமாகப் பேசுகிறாளா சாதாரணமாகப் பேசுகிறாளா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

"அன்னிக்குக் கடையில நானும்தாங்க நின்னேன். புள்ளைங்க உக்கார்ற எடம், பெல்ட்டு இருந்துட்டுப் போவட்டும்னு சொன்னேன். வண்டியப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்னு அந்த பாய் முன்னாடியே கேட்டீங்க."

எனக்கு அது நினைவில் இல்லை. சீட்டு குத்தியது நினைவிருக்கிறது, ரெக்சினின் வாசனைகூட நினைவிருக்கிறது. அவள் பக்கத்தில் நின்றதோ, வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதோ துளிகூட நினைவில் இல்லை.

"அப்பறம் ஏன் இத்தன வருஷமா ஒண்ணுமே சொல்லல நீ?"

"நீங்கதான் சொல்லிக்கிட்டே இருந்தீங்களே, கைப்புடியப் புடிச்சிருக்கணும்னு." கதவை மெதுவாகச் சாத்தினாள். "நான் வண்டிக்குப் பயந்துக்கிட்டு ஏறாம இருக்கேன்னா நெனச்சீங்க?"

அவள் உள்ளே போய் மிச்சத் துணியை மடித்து வைத்தாள்.