கையெழுத்துப் போடமாட்டன்

யோகராணி படிக்கப்போகிறாள் என்றதும், புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் சிரிக்காத ஆள் இல்லை. பின்னே? வயது நாற்பத்துமூன்று. கார்டெரி என்று சொல்லும் பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சின்னப்பிள்ளைகளுக்குச் சமைத்துப்போடும் வேலை. அவளுக்கு இணையவழியில் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு, அதுவும் குற்றவியல் நீதியாம்! மரக்கறிக் கடைக்காரி, "என்னக்கா, பொலிசில சேரப்போறியளோ?" என்று கேட்டே விட்டாள். சேர்ந்தால் முதலில் உன்னைத்தான் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டு வெண்டிக்காயை நிறுக்கக் கொடுத்தாள் யோகராணி. வாய்க்கு அவளிடம் பஞ்சமே இல்லை.

ஆனால் அவள் படித்த விதம்தான் வினையாகிப்போனது. சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் அவள் பழகிய படிப்பு ஒன்றுதான்: வாய்விட்டுப் பாடமாக்குவது. ஒரு சொல் மாறினாலும் வாத்தியார் புள்ளி வெட்டுவார். அதே பழக்கத்தில் கரட் சீவும்போதும், வெங்காயம் அரியும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் ஆங்கிலப் புத்தகத்தை முணுமுணுத்தபடியே இருந்தாள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தைத்தான் கூடுதலாகப் படித்தாள். அது முழுவதும் கமாவோடு முற்றுப்புள்ளியோடு தலைக்குள் ஏறிவிட்டது. பரீட்சைக் கேள்வியும் அங்கிருந்தே வந்தது. அவளுடைய சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா! புத்தகத்தில் உள்ளதை அட்சரம் பிசகாமல் எழுதி அனுப்பினாள்.

ஒரு கிழமை கழித்துக் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவளுடைய விடை தொண்ணூற்றாறு வீதம் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதாம். வீட்டிலிருந்து பரீட்சை எழுதும்போது உதடு அசைந்ததைக் கணினிக் கமராவும் பிடித்திருக்கிறதாம். ஆகவே அவள் புத்தகத்தைப் பார்த்து எழுதினாள் என்பது குற்றச்சாட்டு. கூடவே ஒரு படிவம். ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்தப் பரீட்சைக்கு மட்டும் பூச்சியம், திரும்ப எழுதலாம். மறுத்தால் விசாரணை. அதில் தோற்றால் படிப்பே போய்விடும். அவள் ஒன்றரை வருடம் படித்து முடித்திருந்தாள்.

புருஷன் பிருந்தன் கெட்டவன் இல்லை, பயந்தவன். படிவத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "உண்மை உமக்குத் தெரியும்தானே. ஒரு கையெழுத்து. போட்டிட்டுப் பேசாம இரும்" என்றான்.

யோகராணி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "அண்ணையிட்டயும் உப்பிடித்தான் சொன்னவங்கள்."

பிருந்தன் படிவத்தை மடித்து வைத்தான். அவளுடைய அண்ணன் சண்முகலிங்கத்தைப் பத்தொன்பது வயதில் ஊரில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஏதோ எழுதி, இதில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போட்டான். வீட்டுக்கு வர ஒன்பது வருடமானது. வரும்போதும், இவன் குற்றம் செய்யாதவன் என்று ஒரு துண்டுக் கடுதாசி யாரும் கொடுக்கவில்லை. கதவைத் திறந்து, போ என்றார்கள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்கிறவர்களிடம் யோகராணி இதைச் சொல்வதில்லை.

விசாரணை ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நடந்தது. அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக் கணினியின் முன் உட்கார்ந்தாள். திரையில் மூன்று பேர். தலைவர் மைக்கல் என்பவர் தன்மையாகத்தான் பேசினார். ஒத்துக்கொள்ள இப்போதும் காலம் கடந்துவிடவில்லை என்றார். தன்மையாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்கு இரட்டிப்புக் கோபம் வரும். ஐந்தாம் அத்தியாயத்தில் விரும்பிய பக்கத்தைத் திறந்து ஒரு வரி வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு, கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக் கண்ணை மூடினாள்.

மைக்கல் ஒரு வரி வாசித்தார். மிச்சத்தை அவள் சொன்னாள். படத்தின் கீழே இருந்த சின்ன எழுத்தைக்கூட விடவில்லை. இன்னொருவர் வேறு பக்கம் திருப்பினார். அதையும் சொன்னாள். மூன்றாவது தரம் வந்தது, பயமுறுத்தியோ ஆசை காட்டியோ வாங்கும் வாக்குமூலம் செல்லாது என்ற பந்தி. அதைக் கடைசிச் சொல்வரை சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தாள். உங்கள் படிவத்தில் எனக்கு நீங்கள் காட்டியதும் அதே ஆசைதானே என்று கேட்டாள்.

ஐந்து நிமிடம் ஒலியை நிறுத்திவிட்டு மூவரும் தங்களுக்குள் கதைத்தார்கள். பிறகு குற்றச்சாட்டைக் கைவிடுவதாக மைக்கல் சொன்னார். இனிமேல் சொந்த வசனத்தில் எழுதச் சொன்னார். அது நியாயம், அதை முதலே சொல்லியிருக்கலாம் என்றாள். இத்தோடு விஷயம் முடிந்தது என்று அவர் எழும்பப் பார்த்தார். முடியவில்லை என்றாள் யோகராணி. குற்றச்சாட்டை எழுத்தில் அனுப்பினீர்கள், நான் குற்றம் செய்யவில்லை என்பதையும் எழுத்தில் அனுப்புங்கள், அனுப்புவதாகச் சொல்லும்வரை நான் இந்தத் திரையை விட்டுப் போகமாட்டேன். மைக்கல் ஒத்துக்கொண்ட பிறகுதான் எழும்பினாள்.

கடிதம் திங்கட்கிழமை காலை வந்தது. உடனே சாவகச்சேரிக்குப் போன் அடித்து, அண்ணனுக்கு அதை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினாள். அவன் திரும்பவும் ஒரு தரம் வாசிக்கச் சொன்னான்.

"உன்ர முழுப்பேரும் போட்டிருக்கினமே?" என்று கடைசியில் கேட்டான்.

"ஓம் அண்ணை. முழுப்பேரும் போட்டு, கீழ அவையள் கையெழுத்துப் போட்டிருக்கினம்."