வேலியில் ஒரு பொட்டு

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் தலைக்கு மேலே மெட்ரோ கடக்கும்போதெல்லாம் ஈழத்துக் கடைக்கார அக்கா பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்தில் தொடர்கிறார்.

"அப்பிடியெண்டா என்ன படிப்பு, தம்பி?"

நிலத்தோற்றச் சூழலியல். நாளை புறநகர் செவ்ரானில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டும். மதுரைக்காரன் நான் இங்கேயே ஒத்திகை பார்க்கிறேன். காட்டைத் தனியாக, வயலைத் தனியாகப் பார்க்காமல், நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபட்டிருக்கின்றன என்று பார்க்கும் துறை. இப்போது நகரத்துக்குள்ளும் வந்துவிட்டது.

"முள்ளெலி இரை தேடித் தோட்டம் தோட்டமாகப் போகணும், அக்கா. வேலி போட்டால் அதற்கு வழியில்லை. அதனால் அடியில் ஓர் 'இணைப்புத் துளை' விடச் சொல்கிறோம்."

முருங்கைக்காய் நிறுக்கும் கை நிற்கிறது. "உது பொட்டெல்லோ?"

என் கண் தானாக அவர் நெற்றிக்குப் போகிறது. அவர் சிரிக்கிறார்.

"நெத்திப் பொட்டில்லை. வேலியிலை நாய், கோழி பூந்து போற ஓட்டையை நாங்கள் பொட்டு எண்டுதான் சொல்லுறது. எங்கட செவ்ரான் வீட்டிலையும் ஒண்டு இருக்கு. இண்டைக்கு அடைக்கப் போறன் எண்டு என்ரை மனுசன் நிக்கிறார்."

"ஐயோ, வேண்டாம் அக்கா."

உடனே போனை எடுக்கிறார். "இஞ்சேருங்கோ, அந்தப் பொட்டை அடைக்காதேங்கோ. முள்ளெலி வருமாம்." கொஞ்சம் கேட்கிறார். என்னைப் பார்க்கிறார். "ஆர் சொன்னதோ? பொட்டுக்குப் படிச்ச தம்பி ஒராள் இஞ்சை நிக்கிறார்."

நாளைய உரைத்தாளை எடுத்து, 'இணைப்புத் துளை'யை அடித்துப் 'பொட்டு' என்று மாற்றிவிட்டு, என் பெயருக்குக் கீழே அக்கா சொன்னதையே எழுதிக்கொள்கிறேன்: பொட்டுக்குப் படிச்ச தம்பி.