இறக்குகிறவரும் ஏந்துகிறவரும்

கல்யாணம் முடித்துத் திருகோணமலைக்கு வந்த முதல் வருடமே, கோயில் சுரூபத்தின் தோளைத் தடவிப் பார்த்துப் பேச்சு வாங்கியவள் நான். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. வெள்ளைக்காரர் கப்பற்படையை எடுத்துக்கொண்டு போய்க் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் சுரூபம் என்கிற சிலை வைக்காத சபை. எங்கள் சிலுவையில் ஆள் கிடையாது, வெறும் மரம். "உயிர்த்துப் போனவரை ஏன் இன்னும் தொங்கவிட்டிருக்கினம்?" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

கணவர் வீடு கத்தோலிக்க வீடு. அவர்களுடைய கோயிலில் பெரிய வெள்ளிக்கென்றே ஒரு சுரூபம் இருந்தது. ஆணியைக் கழற்றினால் கை இரண்டும் பொத்தென்று விலாவோடு விழும். மரக் கை எப்படி மடங்கும்? எனக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தடவினேன். தோளில் தோல் வைத்துத் தைத்து, மேலே சாயம் பூசியிருந்தார்கள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் திரும்பினால் கணவரின் தாய், என் மாமி நின்றார்.

"ஆண்டவருக்குக் கிச்சுக் கிச்சு மூட்டுறியோ, பிள்ளை?"

மாமி அப்படித்தான். எனக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது, அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அதனாலேயே எங்களுக்குள் நல்ல ஒட்டு. அந்தக் கோயிலின் வழக்கத்தையும் அவரே விளக்கினார். பெரிய வெள்ளியன்று சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்குவது மாமியின் தம்பி. கடல் தொழில் செய்கிறவர், கயிறும் முடிச்சும் பழகிய கை. ஏணியில் ஏறி, நெஞ்சைச் சுற்றி நீளத் துணி போட்டு, ஆணி கழற்றி, உடம்பைத் தன் தோளில் சாய்த்து மெல்ல இறங்குவார். கீழே வெள்ளைத் துணி விரித்து ஏந்துகிறவர், அந்த வருடம் சாவு விழுந்த வீட்டுப் பெண். அவருடைய மடியில் கொஞ்ச நேரம் கிடத்திய பிறகுதான் ஆசந்தி என்கிற பாடையில் வைத்து வீதி சுற்றி வருவார்கள்.

"ஏன் மாமி சாவு வீட்டுக்காரர்?" என்று கேட்டேன்.

"அவைக்குத்தான் ஏந்தத் தெரியும்," என்றார். அப்போது அவர் வீட்டில் துக்கம் எதுவும் இல்லை.

மூன்றாம் வருட மாரியில் அவருடைய இளைய மகன் கடலில் போய்விட்டான். சுரூபம் இறக்குகிற அந்தத் தாய்மாமனோடு நிலாவெளிப் பக்கம் வலை போடப் போன வள்ளம் கவிழ்ந்தது. மாமன் மட்டும் கரை சேர்ந்தார். மிதந்தது ஒரே ஒரு பலகை, அது இரண்டு பேரைத் தாங்கவில்லை. மாமனுக்குக் கால் குறண்டி நீந்த முடியாமல் போனதைக் கண்டு, "நீங்க பிடியுங்கோ மாமா, நான் நீந்துவன்" என்று பலகையை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் பெடியன் நீந்திப் போனானாம். உடல் கிடைக்கவில்லை. எங்கள் சேமக்காலையில் அவனைப் புதைத்த குழி என்று ஒன்று இல்லை.

ஆண்டவரைப் போல உயிரைக் கொடுத்திருக்கிறான் என்று வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். மாமி அதை நம்பினார். நம்பியதுதான் வில்லங்கம். தம்பி முற்றத்தில் வந்து நின்றபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவன் தந்தான் எண்டால், நீ ஏன்டா வாங்கினனீ?"

அதோடு அக்காவுக்கும் தம்பிக்கும் கதை பேச்சு இல்லாமல் போயிற்று.

அந்தக் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. நமக்காக உயிர் கொடுத்தார் என்று சின்ன வயதிலிருந்து பாடியிருக்கிறேன். பிரசங்கமெல்லாம் கொடுத்தவரைப் பற்றித்தான். வாங்கிக்கொண்டவர் மறுநாள் எந்த முகத்தோடு எழும்பிச் சோறு தின்பது என்று ஒரு போதகரும் சொல்லித் தந்ததில்லை. மாமியின் தம்பி அதற்குப் பிறகு வள்ளம் ஏறவில்லை, சந்தையில் கருவாடு விற்றார். நான் புளி வாங்கும் சாட்டில் நின்று அவரையே பார்ப்பேன். மனிதர் பாதியாகியிருந்தார். எனக்கு இரக்கம் பொங்கும், ஆனால் மாமியிடம் சொல்லப் பயம்.

தவக்காலம் பிறந்தது. அந்த வருடம் ஏந்த வேண்டியவர் மாமி, இறக்க வேண்டியவர் தம்பி. ஊருக்கே இதுதான் பேச்சு. கோயில் மூப்பர் வீடு தேடி வந்து, "வேற ஆளை ஏத்தட்டோ, அக்கா?" என்று கேட்டார்.

"ஆண்டவரை விழுத்தாத ஆள் எண்டால் ஆரெண்டாலும் ஏறட்டும்," என்றார் மாமி.

இதற்கு என்ன அர்த்தம் என்று கணவரைக் குடைந்தேன். "மாமி தன்ர தம்பியின்ர கையால வாங்குவாவோ?"

"நீர் கொஞ்சம் சும்மா இரும்," என்றார். அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

பெரிய வெள்ளி பின்னேரம் கோயில் வாசல்வரை சனம். நான் முண்டியடித்து முன்னுக்குப் போய்விட்டேன். தம்பிதான் ஏறினார். ஆணி கழன்றது, கை இரண்டும் விழுந்தன. தோல் வைத்துத் தைத்த கை என்று தெரிந்திருந்தும் பிடிக்கப் போவதுபோல ஓரடி முன்னால் வைத்துவிட்டேன். அவர் படிப்படியாக இறங்கினார். மாமி துணியை விரித்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கடைசிப் படிக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். சுரூபத்தை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தார், விடுகிறாரில்லை.

"அவனைக் கொண்டு வரேல்லையே, அக்கா," என்று கதறினார்.

ஒப்பாரி படித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். மாரிக்குப் பிறகு அவர் தம்பியின் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"தா," என்றார்.

அவர் அசையவில்லை.

"தாடா தம்பி. உனக்குக் கை உளையும்."

அதற்குப் பிறகுதான் அவர் பிடியை விட்டார். மாமி நிலத்தில் இருந்து, மடியில் கிடத்தி, துணியின் ஓரத்தால் அந்த முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க மகனின் பெயரைச் சொல்லி அழுதார். அவருக்கு அழுவதற்கு ஓர் உடல் கிடைத்தது அன்றைக்குத்தான். நானும் அழுதேன், கோயிலே அழுதது.

உயிர்த்த ஞாயிறு காலை, பூசை முடிந்து வந்ததும் மாமி குசினிக்குள் வந்து, "தம்பிக்கும் சேர்த்து அரிசி போடு, பிள்ளை," என்றார். சொன்னபடி அவர் வந்தார். கதிரையின் நுனியில் இருந்து, தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். எனக்கா பொறுமை இருக்கும்? குசினிக்கு ஓடி வந்து மெல்லக் கேட்டேன்.

"மன்னிச்சிட்டியளோ, மாமி?"

மாமி குழம்புச் சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சனோ எண்டு எனக்கே தெரியாது. இப்பவும் நெஞ்சு எரியுது."

"பிறகேன் கூப்பிட்டனீங்கள்?"

"என்ர பிள்ளை ஒருநாள் ஆண்டவரைப் போல எழும்பி வருவான். அதில எனக்குச் சந்தேகமே இல்லை. வந்தவுடன என்ன கேப்பான்? 'மாமா கரை சேர்ந்தாரோ, அம்மா?' எண்டுதான் கேப்பான்."

அகப்பையால் ஒரு பெரிய மீன் துண்டை அள்ளிக் கோப்பையில் போட்டு என் கையில் தந்தார்.

"கரை சேர்ந்த மனுசனை நான் வாசல்ல மறிச்சு வைச்சனான் எண்டு அவனுக்குச் சொல்ல ஏலுமே?"